படத்துக்காகவே மாயாஜால காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்கக் காமிக்ஸ். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு கப்பன் பூங்காவுக்குப் போவேன். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டுவோம். எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள். சிலர் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவர்கள், சிலர் போன வருடம் வேலைக்கு வந்தவர்கள். மாயாஜாலக் கதைகளை நான் ஓவியத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னதும் கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

"மாயாஜால காமிக்ஸ்னா எது அக்கா? அம்புலிமாமா மாதிரியா?"

அம்புலிமாமாவிலிருந்துதான் நம்மில் பலருக்கு இந்த ருசி ஆரம்பித்தது. 1947-இல் தொடங்கிய இதழ் அது. அதில் சங்கர் வரைந்த விக்கிரமன், வேதாளம் படம் நினைவிருக்கிறதா? தோளில் பிணம், கையில் வாள். வேதாளம் சொன்ன கதைகளை மறந்தவர்கள்கூட அந்தப் படத்தை மறக்கவில்லை. ஆனால் அது கதைக்குத் துணையாக வரைந்த படம். கதை எழுத்தில் இருந்தது. காமிக்ஸில் கதை நகர்வதே கட்டம் கட்டமாகப் படத்தில்தான்.

மாயாஜாலம் என்று நான் சொல்வது நம் உலகத்தில் இல்லாத ஊரும் மிருகமும் மந்திரமும் வருகிற கதைகளை. துப்பறியும் கதை வரைபவருக்குப் பார்த்து வரைய எதிரே நிஜப் பொருள் இருக்கிறது. துப்பாக்கியைப் பார்த்துத் துப்பாக்கி வரையலாம். மாயாஜாலக் கதையில் கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்க வேண்டும். இந்த வகை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

"கதையைப் படிக்காம படம் மட்டும் பாத்துட்டுப் பக்கத்தைத் திருப்புறது தப்பில்லையா?"

தப்பே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் ஏதோ திருட்டுத்தனம் செய்தவர்கள் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கும். படம் குழந்தைகளுக்கு, எழுத்து பெரியவர்களுக்கு என்று சின்ன வயதிலேயே நம் மனதில் பதிந்துவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்வரைதான் படம், அப்புறம் அதை விட்டுவிட வேண்டும் என்பது போல.

1975-இல் பிரான்சில் 'மெத்தால் உர்லான்' என்ற இதழில் 'ஆர்சாக்' என்று ஒரு தொடர் வந்தது. ஒரு பெரிய பறவை மேல் உட்கார்ந்து ஒருவன் பாழ்நிலங்களின் மேல் பறந்துகொண்டே இருப்பான். வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. வரைந்தவர் மோபியஸ். உலகம் முழுக்க ஓவியர்கள் இன்றைக்கும் எடுத்துப் பார்க்கும் வேலை அது. வார்த்தையே இல்லாத காமிக்ஸை ஒருவர் 'படிக்க' முடியும் என்றால், வார்த்தை உள்ள காமிக்ஸிலும் முதலில் படத்தைப் படிப்பதில் என்ன குறை இருக்கிறது?

"சரி, பாக்குறதுன்னா எப்படி? ரெண்டு நொடிக்கு மேல ஒரு கட்டத்துல என்னால நிக்க முடியல."

இது பழகினால் வருகிற விஷயம். நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பக்கத்தை மொத்தமாகப் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கவனியுங்கள். அது தானாக நடப்பதில்லை, ஓவியர் போட்ட வழி அது. ஒரு கை நீட்டியிருக்கும் திசை, ஒரு கூரையின் சாய்வு, ஒரே ஒரு சிவப்புத் துணி, இவையெல்லாம் கண்ணைப் பிடித்து இழுத்துப் போகும்.

அப்புறம் வசனம் எழுதியிருக்கும் வட்டங்களை, அதாவது பலூன்களை, விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். யார் கோபமாக இருக்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தையும் உடம்பையும் வைத்தே சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த ஓவியர் தேர்ந்தவர். அடுத்து வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடுங்கள். 'ஹெல்பாய்' வரைந்த மைக் மிக்னோலாவின் பக்கங்களில் பாதி இடம் வெறும் கறுப்பாக இருக்கும். முகத்தில் ஒரு கண்ணும் தாடையும் மட்டும் வெளிச்சத்தில் தெரியும், மீதியை நம் கண் நிரப்பிக்கொள்ளும். அவர் எதை வரையாமல் விட்டிருக்கிறார் என்று பார்ப்பதே ஒரு சுகம்.

கடைசியாகப் பின்னணி. அங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுவேன். சந்தைக் காட்சி என்றால் கடையில் என்ன விற்கிறார்கள், சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை எத்தனை மெல்லிய கோட்டில் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஒரு பக்கத்தை வரைந்து முடிக்க ஓவியருக்கு ஒரு முழு நாள் ஆகியிருக்கும், பல நேரம் அதற்கும் மேல். நாம் பத்து நிமிடம் கொடுக்கலாம்.

"எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்? தமிழ்ல இருக்கா?"

இருக்கிறது. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த 'தோர்கல்' தொடரில் ஆரம்பியுங்கள். வைக்கிங்குகள் வளர்த்த, நட்சத்திரங்களிலிருந்து வந்த ஒருவனின் கதை. எழுதியவர் பெல்ஜியத்தின் ழான் வான் ஹாம், வரைந்தவர் போலந்துக்காரரான கிரெகோர்ஸ் ரோசின்ஸ்கி. 1977-இல் தொடங்கியது. பனியை வெறும் வெள்ளைத் தாளாக விட்டுவிட்டு, அதன் மேல் நாலு கோடு கிழித்து, பார்க்கிற நமக்குக் குளிரெடுக்க வைக்கிற கை ரோசின்ஸ்கியுடையது. கதையும் நன்றாகவே இருக்கும். ஆனால் நான் முதல் தடவை கடலையும் பாறையையும் மட்டும்தான் பார்த்தேன்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு 'மான்ஸ்ட்ரெஸ்' சொல்வேன். 2015-இல் தொடங்கிய தொடர், ஓவியம் சானா தகேதா. 2018-இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியவர். துணியின் பூவேலை, உலோகத்தின் செதுக்கல், தூண்களின் வளைவு என்று ஒவ்வொரு கட்டமும் நகைப்பெட்டியைத் திறந்தது போல இருக்கும். வன்முறை அதிகம் உள்ள கதை என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

"நான் கேப்டன் டைகர் ரசிகன். கௌபாய் கதைதான் பிடிக்கும், மாயாஜாலம் ஒத்து வருமான்னு தெரியல."

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கேப்டன் டைகர் என்று நாம் தமிழில் படித்தவர் மூலத்தில் 'ப்ளூபெர்ரி'. வரைந்தவர் ழான் ஜிரோ. மேலே சொன்ன ஆர்சாக்கின் மோபியஸும் அவரேதான், அது அவர் வைத்துக்கொண்ட இன்னொரு பெயர். டைகரைப் பெரும்பாலும் தூரிகையால் வரைந்தார். மோபியஸ் என்ற பெயரில் வரையும்போது பேனாவை எடுத்தார். அந்தப் பாலைவனத்தின் புழுதியும் தூரமும் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதே மனிதர் வேறு கிரகத்துப் பாலைவனத்தை வரைந்திருப்பதும் பிடிக்கும்.

"சின்ன வயசுல பாத்த அதே கதை இப்ப பெருசா வரும்போது வேற மாதிரி தெரியுதே, ஏன்?"

என் அப்பா சிவாஜி நகர் பேருந்து நிலையத்தில் வாங்கிவந்த புத்தகங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முத்து காமிக்ஸ் 1972-இல் ஆரம்பித்தது, லயன் 1984-இல். அந்தக் காலத்துப் பாக்கெட் சைஸ் புத்தகங்கள் உள்ளங்கை அகலம்தான், சாணித் தாள், கறுப்பு வெள்ளை. ஐரோப்பாவில் ஆல்பம் என்று சொல்லும் காமிக்ஸ் புத்தகம் கிட்டத்தட்ட ஏ4 தாள் அளவு. அந்தப் பக்கத்தைச் சின்னதாக்க வேண்டுமானால் கட்டங்களைப் பிரித்து வேறு விதமாக அடுக்கியாக வேண்டும். முதல் கேள்விகளில் சொன்னேனே, கண்ணுக்கு ஓவியர் போட்ட வழி, அது அங்கே அறுந்துபோகும்.

தாளும் காரணம். சாணித் தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் மெல்லிய கோடுகள் தடித்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். ஓவியர் நிழலுக்காகப் போட்ட ஐம்பது கோடு நமக்கு ஒரு கறுப்புத் திட்டாகத் தெரியும். பெரும்பாலான மூல ஓவியங்கள் அச்சாகும் அளவைவிடப் பெரிதாகவே வரையப்படுகின்றன. அமெரிக்காவில் ஓவியர்கள் வரையும் வழக்கமான அட்டை 11 அங்குலத்துக்கு 17 அங்குலம். அதனால் எந்த அச்சிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. இருந்தாலும் அந்தப் பழைய புத்தகங்களைக் குறையாகப் பேச எனக்கு மனம் வராது. பத்துக் கைகள் மாறிக் கிழிந்த ஒரு புத்தகத்தில்தான் நான் முதன்முதலில் ஒரு டிராகனைப் பார்த்தேன்.

"போன்ல படிச்சா போதாதா? மெட்ரோவுல அதுதான் வசதி."

கதைக்குப் போதும். ஓவியத்துக்குப் போதாது. போனில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் பார்க்கும்போது பக்கம் என்ற ஒன்றே காணாமல் போகிறது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படம் தீப்பெட்டி அளவில் வரும். டேப்லெட் பரவாயில்லை, ஒரு கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்கத் தாளைவிட அதுவே நல்லது.

"விலை கட்டுப்படியாகலக்கா. பெங்களூர்ல வாங்காம எங்க பாக்கலாம்?"

உண்மைதான், கெட்டி அட்டை போட்ட ஒரு தொகுப்பு பலருக்கு ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. சர்ச் தெருப் பழைய புத்தகக் கடைகளில் நின்று புரட்டுங்கள். தொடரின் நடு பாகம் தனியாகக் குறைந்த விலையில் கிடக்கும். கதைக்காகப் படிப்பவர்கள் அதை எடுக்க மாட்டார்கள், நமக்கு நடு பாகமே போதும். நான் வாங்கியதில் பாதி இப்படிக் கிடைத்தவைதான்.

கண்ணைப் பழக்க வேறு இடங்களும் இருக்கின்றன. ஜனவரியில் ஒரு ஞாயிறு குமார கிருபா சாலை முழுக்கச் சித்திர சந்தை நடக்கும். ஓவியர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், எந்த மை, எந்தத் தூரிகை என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். டிரினிட்டி சர்க்கிள் பக்கம் இந்தியக் கேலிச்சித்திரக் கலைஞர்கள் கழகத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே மாயாஜாலம் இருக்காது, ஆனால் ஒரு கோடு தடித்து மெலிவதைக் கிட்டே நின்று பார்க்கலாம். காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா 2012 முதல் இந்த ஊரில் நடக்கிறது. போனால் ஓவியர்கள் தாங்களே விற்கும் மேசைகளுக்கு முதலில் போங்கள். அங்கே மட்டும் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

"எல்லாம் வெளிநாட்டு ஆளுங்க பேராவே சொல்றீங்க. நம்ம பக்கம் யாரும் இல்லையா?"

இருக்கிறார்கள், அதுவும் இதே ஊரில். 2006-இல் தொடங்கிய வர்ஜின் காமிக்ஸின் ஓவியக்கூடம் பெங்களூரில்தான் இருந்தது. ராமாயணத்தை எதிர்காலத்துக்குக் கொண்டுபோன 'ராமாயண் 3392 ஏடி' தொடரில் அபிஷேக் சிங், 'தேவி'யில் முகேஷ் சிங் என்று புதிய கைகள் அதில் வெளிப்பட்டன. அபிஷேக் சிங்கின் ராட்சதர்கள் காலண்டர் ராட்சதர்கள் போல இருக்க மாட்டார்கள். வேர், எலும்பு, புகை எல்லாம் கலந்து நிற்பார்கள். அந்த நிறுவனம் பெயர் மாறி, அளவு குறைந்து போனாலும் அந்தப் பக்கங்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கண்ணில் படுகின்றன.

அதற்கு முன்னால் போனால் அம்புலிமாமாவில் மகாபாரதக் காட்சிகளை வரைந்த எம். டி. வி. ஆச்சார்யா கர்நாடகத்துக்காரர். அவருடைய பீமனின் தோள்பட்டையைப் பார்த்து வளர்ந்த ஓவியர்கள் எத்தனையோ பேர்.

"எனக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. படம் அழகா இருக்குன்னு ஒரு பிரெஞ்சு ஆல்பம் வாங்கிட்டேன். வீண் செலவுன்னு வீட்ல திட்றாங்க."

உங்கள் வீட்டில் யாராவது தியாகராஜர் கீர்த்தனை கேட்பார்களா? தெலுங்கு தெரியாமலேயே அதில் கண் கலங்குகிற தமிழர்கள் எத்தனை பேர். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. ராகம் வந்து சேர்கிறது. இங்கே கோடும் நிறமும் வந்து சேர்கின்றன.

மொழி தெரியாத புத்தகத்தில் ஒரு நன்மையும் உண்டு. பலூனை விரலால் மறைக்கச் சொன்னேன் அல்லவா, அங்கே அது மறைத்தே வைத்தது போலத்தான். இரண்டு மூன்று தடவை புரட்டிய பிறகு என்ன நடக்கிறது என்று உங்களுக்கே ஒரு கதை பிடிபடும். அப்புறம் மொழிபெயர்ப்பு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை நான் கட்டிக்கொண்ட கதைதான் மூலத்தைவிடப் பிடித்திருந்தது.

"என் பையன் படத்தையே பாத்துட்டு இருக்கான், எழுத்தைத் தொடவே மாட்டேங்குறான். தமிழ் கத்துக்கட்டும்னுதான் வாங்கிக் கொடுத்தேன்."

இந்த ஊரில் பள்ளியில் தமிழ் இல்லாமல் வளரும் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள், அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. அவனைப் பலூனைப் படி என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் ஏன் ஓடுறான்? இது என்ன மிருகம்?" என்று தமிழில் கேளுங்கள். படத்தைப் பார்த்துத் தமிழில் பதில் சொல்வான். ஒரு நாள் தன் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள அவனே எழுத்துக்குப் போவான். என் அக்கா மகள் அப்படித்தான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்தாள். 'ஆஆஆ' என்று ஒரு ராட்சதன் அலறும் கட்டம்தான் அவள் படித்த முதல் தமிழ்.

"தொடர் நடுவுல ஓவியர் மாறிட்டா என்ன பண்றது? எனக்கு அப்படியே விட்டுப்போச்சு."

விடலாம். கதைக்காகப் படிப்பவருக்கு அது சின்ன இடைஞ்சல், நமக்கு வீடு மாறியது போல. 1989-இல் தொடங்கிய 'சாண்ட்மேன்' என்ற ஆங்கிலக் காமிக்ஸ் தொடரின் 75 இதழ்களில் பல ஓவியர்கள் மாறினார்கள். எனக்குப் பிடித்த ஓவியர் வரைந்த இதழ்களை மட்டும் வைத்திருக்கிறேன், அதில் எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை.

ஒரே ஓவியரே மாறுவதும் உண்டு, அது இன்னும் சுவாரஸ்யம். ரோசின்ஸ்கி பல வருடம் மைக்கோட்டில் தோர்கலை வரைந்துவிட்டு, 2006-இல் வந்த 29-ஆம் ஆல்பத்திலிருந்து நேரடியாக வண்ணம் தீட்ட ஆரம்பித்தார். முன்பு கோடாக இருந்த பனி இப்போது சாயமாக வந்தது. பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பழையதுதான் நெருக்கம், ஆனாலும் அறுபது வயதைத் தாண்டியவர் தன் கையைப் புதிதாகப் பழக்கியதை நினைத்து அந்த ஆல்பத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

"பொண்ணுங்களை வரைஞ்சிருக்குற விதம் எனக்குக் கூச்சமா இருக்கு. அதையும் கலைன்னு ரசிக்கணுமா?"

வேண்டாம். ஓவியம் பிடிக்கும் என்பவர் எல்லா ஓவியத்துக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. 1960-களில் ஃபிராங்க் ஃபிராசெட்டா அட்டைப்படங்களில் வரைந்த வீரனும் அவன் காலடியில் கிடக்கும் பெண்ணும் மற்றவர்கள் பார்த்து வரையும் மாதிரியாகிவிட்டது. அவருடைய நிறமும் உடம்பின் வேகமும் அபாரம், அதை மறுக்க மாட்டேன். பின்னால் வந்தவர்கள் பலர் அந்தக் காலடிப் பெண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இது ஒழுக்கக் கேள்வி மட்டும் இல்லை, தொழில் கேள்வியும்கூட. தாழ்ப்பாள் வரைக்கும் யோசிக்க வேண்டும் என்று முதலில் சொன்னேன். பனி மலையில் ஆண் கம்பளி போர்த்தி நிற்க, பெண் மட்டும் நாலு தகட்டோடு நின்றால் ஓவியர் அந்த உலகத்தை யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். சானா தகேதாவின் பெண்களைப் பாருங்கள். அவர்கள் போட்டிருக்கும் அங்கியின் எடை நம் தோளில் தெரியும்.

"கதை மோசமா இருந்தா ஓவியம் மட்டும் எப்படி நல்லா இருக்க முடியும்? ரெண்டையும் பிரிக்க முடியுமா?"

முழுக்கப் பிரிக்க முடியாது. இதை நான் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. ஒரு தடவை நிறையச் செலவழித்து ஒரு புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு கட்டமும் சட்டம் போட்டு மாட்டலாம், அத்தனை அழகு. ஆனால் யார் யாரை அடித்தார், எப்போது இருட்டியது என்று ஒன்றும் புரியவில்லை. பத்துப் பக்கத்தில் கண் அலுத்துப்போனது. தனியாக அழகான படம் வேறு, அடுத்த கட்டத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போகும் படம் வேறு. நான் ஓவியத்துக்காகப் படிக்கிறேன் என்று சொல்லும்போது இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறேன். அதனால் படம் சொல்லும் கதை எனக்கு வேண்டும். வசனமும் திருப்பமும் முடிச்சும் பலவீனமாக இருந்தால் பொறுத்துக்கொள்வேன்.

தெருக்கூத்தில் பாஞ்சாலி சபதம் என்ன ஆகும் என்று தெரியாதவர் யார்? தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு இவர் துச்சாதனனை எப்படி ஆடப்போகிறார் என்று பார்க்கத்தான். அமெரிக்க நாளிதழில் 1905-இல் வின்சர் மெக்கே தொடங்கிய 'லிட்டில் நீமோ'வும் எனக்கு அப்படித்தான். வாரம் ஒரு முழுப் பக்கம். ஒரு பையன் கனவு காண்பான், கடைசிக் கட்டத்தில் விழித்துக்கொள்வான். கதை அவ்வளவுதான், வாரா வாரம் அதேதான். 1908-இல் வந்த ஒரு பக்கத்தில் அவனுடைய கட்டிலின் கால்கள் நீள ஆரம்பிக்கும். கட்டில் எழுந்து ஊர்க் கூரைகளுக்கு மேல் நடக்கும். கால் நீள நீள, கட்டங்களும் கூடவே உயர்ந்துகொண்டு போகும். அதன் பெரிய அச்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பூங்காவுக்குக் கொண்டுவருகிறேன்.